குளத்து நீர்த்தெள்ளுகளை இனங்கண்டறிதல்

கெண்டை மீன் குஞ்சுகளை நாற்றங்கால் குளத்தில் விட விரும்பும் குடியானவர்கள், முதலில் ஒரு வெள்ளைத் துணியால் நீரை வடித்துப் பார்ப்பதுண்டு. துணியில் சிற்றுயிர்கள் மொய்த்திருக்கக் கண்டால், குஞ்சுகளுக்கு உணவு நிறைய உண்டென்று மகிழ்ந்து உடனே அவற்றை விட்டுவிடுகின்றனர். சில நாட்கள் கழித்து வலையிட்டால் குஞ்சுகள் வெகுவாய்க் குறைந்திருக்கக் காண்கின்றனர். விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகள் இவ்வாறு அழிவதற்குரிய காரணங்களுள் ஒன்று, உணவாகும் உயிரையும் பகையாகும் உயிரையும் பிரித்தறியாமையே.

நீர்த்தெள்ளு என்பது தெள்ளுப்பூச்சியன்று. இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. தத்தித் தத்தி நீந்துவதால் இப்பெயர் பெற்றது. இரு மடலாய் மூடிய ஒளி ஊடுருவும் ஓட்டினுள் இதன் உடல் அடங்கியிருக்கும். கிளைத்த இரண்டு பெரிய கொம்புகளால் நீந்தும். சைக்ளாப்ஸ் என்னும் உயிரோ இதற்கு வேறானது. பேரிக்காய் போன்ற உடலும், தலையின் நடுவில் ஒற்றைக் கண்ணும், பெண்ணுக்கு வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகளும் இதற்குரிய அடையாளங்கள். இது வெட்டி வெட்டிப் பாயும். முட்டையினின்று வெளிவந்த சில நாட்களேயான மீன் குஞ்சுகளைத் தாக்கிக் கொல்லவும் வல்லது. சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடியே இவ்விரண்டையும் பிரித்தறியப் போதும்.

நீர்த்தெள்ளுகளுக்குள் இனம் பிரிப்பதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். குளத்தின் பல இடங்களில் வடித்த நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, முட்டை சுமந்த பெண் பூச்சிகளைச் சொட்டுக்குழாயால் எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் இட வேண்டும். ஆண் பூச்சிகளும் இளம் பூச்சிகளும் வேறு தோற்றமுடையவையாதலால் அவற்றைக்கொண்டு முடிவு செய்தல் கூடாது. மூடு கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் சிறிது மெழுகு வைத்தால் பூச்சி நசுங்காது. சேமித்து வைப்பதாயின், 4 சதவீத பார்மலின் நீரில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஓடு உப்பி முட்டைகள் உதிர்வது குறையும்.

பக்கவாட்டில் கிடக்கும் பூச்சியை 40 முதல் 100 மடங்கு பெருக்கிப் பின்வரும் குறிகளைக் காண வேண்டும்.

டாப்னியா: தலையின் கீழ்ப்புறம் அலகுபோல் நீண்டிருக்கும், ஓட்டின் பின்முனையில் முள் உண்டு. டாப்னியா லும்ஹோல்ட்சி என்னும் இனத்தில் தலைமேல் கூரிய முடியும் மிக நீண்ட வால்முள்ளும் காணப்படும்.

மோய்னா: அலகும் வால்முள்ளும் இல்லை, தலை உருண்டது. தலையின் அடிப்பக்கத்திலிருந்து விரல் போன்ற இரண்டு நீண்ட சிறுகொம்புகள் அசையும். பின்வயிற்றின் பல்வரிசையில் நகத்தை அடுத்த பல் இரண்டாய்ப் பிளந்திருக்கும்.

செரியோடாப்னியா: சிறிய தலை, உருண்ட உடல், தலைக்கும் உடலுக்கும் இடையே ஆழ்ந்த பள்ளம்.

பாஸ்மினா: தலையோடு ஒட்டிய சிறுகொம்பு யானைத் துதிக்கைபோல் வளைந்து தொங்கும்.

இப்பிரிவினையால் பயன் என்னவெனில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சின் வாய்க்கு வளர்ந்த டாப்னியா பெரிது. மோய்னாவின் பிள்ளையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவானதாதலால் எளிதில் உணவாகும்.

இவ்வுயிர்கள் குளத்தில் தோன்றுவதற்கும் ஒரு முறை உண்டு. நல்ல காலத்தில் பெண் பூச்சிகள் ஆண் சேர்க்கையின்றியே பெருகும். நீர் வற்றும் காலத்தில் தடித்த உறையுள் முட்டையிடும். அவை உலர்ந்த சேற்றிலும் உயிரோடிருக்கும். நார்வே நாட்டு விஞ்ஞானி ஸார்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உலர்ந்த சேற்றை நீரிலிட்டு வளர்த்தே டாப்னியா லும்ஹோல்ட்சியை 1885-இல் விவரித்தார். ஆகவே, காய்ந்த குளத்தில் நீர் பாய்ச்சி எருவிட்டதும் முதலில் மிக நுண்ணிய சக்கரப் பூச்சிகளும், அடுத்து மோய்னாவும் பெருகும்; நாள் செல்லச் செல்ல சைக்ளாப்ஸ் மிகும். மோய்னா மிகுந்து சைக்ளாப்ஸ் அருகியிருக்கும் வேளையே குஞ்சு விடத் தக்கது. பருவம் தவறினால், குளத்தை வடித்துக் காயவைத்து, மறுபடி நீர் நிரப்புவதே நலம்.

கிராம அதிகாரிகளும் இதனை அறிந்திருத்தல் நன்று. நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமந்தது சைக்ளாப்ஸே என்பதை ருஷ்ய அறிஞர் பெட்சென்கோ 1870-இல் கண்டறிந்தார். இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் நாடு அந்நோய் நீங்கியதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. படிக்கிணறுகளை மாற்றியமைத்ததும் குடிநீரைத் துணியால் வடித்ததும் அவ்வெற்றிக்குப் பெரிதும் உதவின. நீர்த்தெள்ளு அந்நோய்க்குக் காரணமன்று. ஆதலால், பூச்சி கண்டவுடன் அஞ்சி மீன் குளத்தில் மருந்து தெளிப்பதும், பூச்சி கண்டவுடன் மகிழ்ந்து குஞ்சு விடுவதும் ஒருங்கே தவறாகும். ஒரு துளி நீரைக் கண்ணாடியில் வைத்து நோக்கிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.