வாடை ஓய்ந்த பிறகு துடுப்பெடுக்கலாம்

ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மன் இளைஞர், 1932இல் மடிக்கக்கூடிய கயாக் ஒன்றை டான்யூப் ஆற்றில் இறக்கினார். சைப்பிரஸ் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் நோக்கம். போன போக்கில் வேலை மறந்தது. 1935இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தவர், 1939இல் அவுஸ்திரேலியாவின் தீவுக்கரையைத் தொட்டார். அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டதால், எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள்.

கடல் கயாக் அப்படித் தூரம் போகக்கூடிய படகு. நீளம் ஐந்து மீற்றர் வரும், அகலம் ஓர் ஆள் அமருமளவே. இருபக்கத் தட்டைத் துடுப்பால் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் போகலாம். மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும்.

யாழ்ப்பாணத்துக்கு அந்த ஒரு சாண் கணக்குத்தான் முக்கியம். குடாநாட்டின் பரவைக்கடலில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. வற்று நேரத்தில் இன்னும் குறையும். மேற்கே காரைநகர், ஊர்காவற்றுறை, எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று தீவுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு இயந்திரப் படகில் கால்மணி நேரப் பயணம். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் காற்றை மறைக்க எதுவுமில்லை.

ஆழம் குறைந்த கடல் சாந்தமானது என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஆழமில்லாத தண்ணீரில் காற்று கிளப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் அடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்றான வாடை, கூடவே மழையும் புயல் பயமும். வாடை ஓய்ந்து அடுத்த சோளகம் தொடங்குமுன், மாசி பங்குனியை ஒட்டிக் கிடைக்கும் அமைதியான நாட்களே கயாக்குக்கு ஏற்றவை. அந்த நாட்களிலும் விடியற்காலையில் இறங்கி, வெயிலும் காற்றும் ஏறுமுன் கரை சேர்வதே புத்தி. எந்தக் கைத்தொலைபேசிச் செயலியையும் விட, வள்ளத்தை இறக்கலாமா என்று கரையில் நின்று வானம் பார்க்கும் தொழிலாளியிடம் கேட்பது மேல்.

வழியில் தடிகள் வரிசையாக நிற்கும். களங்கண்டி வலைகள் அவை: தடிகளில் கட்டிய வலைச்சுவர், மீனையும் இறாலையும் கடைசியிலுள்ள கூட்டுக்குள் ஒதுக்கிக் கொண்டுபோய் விடும். நேர்வழி என்று வலைக்கு மேலால் துடுப்புப் போட்டால் கிழிவது ஒரு வீட்டின் அன்றைய உழைப்பு. சுற்றிப் போக வேண்டியதுதான், கூடுதலாகக் கால்மணி நேரம் ஆனாலும். கிழக்கே மணற்காடு, நாகர்கோவில் பக்கம் வேறு விதம். அங்கே கரைவலைக் கயிறு கடலுக்குள் நீண்டு கிடக்கும். வங்கக்கடல் அலை கரையிலேயே உடைவதால் படகை இறக்குவதும் ஏற்றுவதும்தான் பெரும்பாடு. பழக்கமில்லாதவர் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தபோது அந்தத் தண்ணீரில் சர்வதேச எல்லைக்கோடு வரையப்பட்டிருக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 உடன்படிக்கை அதை வரைந்தது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது; கடற்றொழிலுக்கே தடை இருந்த ஆண்டுகள் பல. இன்றும் இந்திய இழுவைப்படகுப் பிரச்சினையால் இந்தக் கடலில் பதற்றம் அடங்கவில்லை. ஆகவே கடற்படைக்குத் தெரிவிக்காமல் தீவுகளுக்கு அப்பால் துடுப்புப் போடுவதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

நெடுந்தீவில் மட்டக்குதிரைகளும், போத்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து எச்சங்களும், பெருக்குமரமும், முருகைக்கல் மதில்களும் பார்க்கக் கிடைக்கும். முருகைக்கல் கடலுக்குள்ளும் உண்டு. அதில் உரசினால் கயாக்கின் அடி கீறிப்போகும் என்பதால், இறங்க மணல் தெரியும் இடமாகப் பார்ப்பது நல்லது. குடிதண்ணீரைப் புறப்படும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.