உழைக்கும் வயதில் பக்கவாதம்

பக்கவாதம் முதுமைக்கே உரிய நோய் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஆயினும், குடும்பத்தைத் தாங்கி நிற்கும் நாற்பது, ஐம்பது வயதினரையும் அது விட்டுவைப்பதில்லை. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர் அவ்வயதினரே. ஊரிலுள்ள பெற்றோரும் இங்குள்ள பிள்ளைகளும் ஒருவரது ஊதியத்தையே நம்பியிருக்கையில், அவரது வலக்கை திடீரெனச் செயலற்றுப் போவது ஒருவரது துன்பம் மட்டுமன்று. குடும்பம் முழுவதன் துன்பமாகும்.

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் விளைகிறது. குருதி எட்டாத பகுதி சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகிறது.

இதற்கு ஏதுவாகும் காரணங்கள் யாவை? 32 நாடுகளில் நடத்தப்பெற்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பக்கவாத அபாயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, மாற்றத்தக்க பத்துக் காரணங்களைச் சார்ந்தது எனக் கண்டது. அவற்றுள் தலையாயது இரத்தக் கொதிப்பு. அது பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ காட்டாது. அளந்து பார்த்தாலன்றித் தெரியவராது. பலமுறை அளந்தும் 140/90 என்னும் அளவோ அதற்கு மேலோ இருப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். நீரிழிவு, புகைபிடித்தல், மதுப்பழக்கம், கொழுப்பு மிகுதி, தொந்தி, உடலுழைப்பின்மை, மன உளைச்சல், இருதய நோய் ஆகியனவும் அப்பட்டியலில் அடங்கும். இளமையில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதுற்றவர்களுக்கும், பிள்ளைப்பேற்றை ஒட்டிய வாரங்களில் தாய்மார்களுக்கும் தனிக் கவனம் தேவை.

நமது வாழ்க்கை முறையிலும் இரண்டைக் கருதுதல் நலம். ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் தாய்மண்ணின் சுவையோடு உப்பையும் மிகுதியாகக் கொணர்கின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேலும், வாரத்துக்கு 55 மணிக்கோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 சதவீதம் மிகுதி என அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, தக்கவர்களுக்கு நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். ஆதலின், அறிகுறி கண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, 112 என்னும் எண்ணையோ அவ்வூர் ஆம்புலன்ஸையோ உடனே அழைத்து, மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மொழி தெரியாது தயங்கற்க. இந்தி வழங்கும் இடங்களில் 'லக்வா' என்றும், கன்னட நாட்டில் 'பார்சுவவாயு' என்றும், வங்காளத்தில் 'பக்கா​காத்' என்றும் கூறின் அங்குள்ளோர் உணர்ந்துகொள்வர். நமது 'பாரிசவாயு' என்னும் சொல் இவற்றுள் கன்னடச் சொல்லுக்கு உறவே.

முப்பது வயது கடந்தோர்க்கு இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதிக்கின்றனர். அதற்குச் சிறிது நேரமே செல்லும். அடுத்த விடுமுறை நாளுக்கு ஒத்திவையாது, இந்த வாரமே சென்று அளந்து வருதல் நமக்கும் நம்மை நம்பியிருப்போர்க்கும் நன்று.