லேபிளை மறைத்தால் தெரியும் சங்கதி!

விலை அதிகமான சாமான்தான் உயர்ந்த சாமான் என்று நம்புகிறவரா நீங்கள்? பெயர் பெற்ற கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவீர்களா? அப்படியானால் இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். கதை என்றால் கற்பனை அல்ல. 1976-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில், பட்டப்பகலில் நடந்த சம்பவம்.

சம்பந்தப்பட்ட பொருள் திராட்சை மது. "ஐயையோ! குடும்பப் பத்திரிகையில் இந்தச் சமாசாரமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களை ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்கச் சொல்லப் போவதில்லை. நாம் பார்க்கப்போவது புட்டிக்குள் இருப்பதை அல்ல. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதைத்தான்.

விலையே தரம்!

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் வெறும் பானம் அல்ல. அது அவர்கள் தேசத்துக் கௌரவம். எந்தத் தோட்டத்து ஒயின் உயர்ந்தது, எது அதற்கு அடுத்தபடி என்பதற்கெல்லாம் அங்கே பட்டியல் உண்டு. 1855-ல் பாரிஸில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தபோது, மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் விருப்பப்படி, போர்தோ பிரதேசத்துச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள்.

எதை வைத்துப் பிரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போடவில்லை. சந்தையில் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துத் தரகர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. விலை அதிகமா? அப்படியானால் முதல் படி! குறைவா? இறங்கு கீழே! இந்தப் படிகள் அநேகமாக மாறவே இல்லை. மூட்டான் ராத்சைல்ட் என்ற பிரசித்தி பெற்ற தோட்டம், இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

ஒரு பெண்மணியின் யோசனை

பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒயின் கடை ஒன்று வைத்திருந்தார். அதோடு, ஒயினைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றையும் நடத்தி வந்தார். ஆங்கிலேயர் ஒருவர் பிரெஞ்சுக்காரர்களின் ஊரிலே உட்கார்ந்துகொண்டு ஒயினைப் பற்றிப் பாடம் நடத்துவதென்றால், அவருடைய துணிச்சலை என்னவென்று சொல்ல!

அந்தப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர் பட்ரிஷியா கல்லகர் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1976-ஆம் ஆண்டு அமெரிக்கா சுதந்திரம் அடைந்து இருநூறு வருஷம் பூர்த்தியாகும் ஆண்டு. "அந்தச் சமயத்தில் கலிபோர்னியா ஒயின்களைப் பாரிஸ் நிபுணர்களுக்குக் காட்டினால் என்ன?" என்ற யோசனை அவருக்குத்தான் தோன்றியது. முதலில் அவரே கலிபோர்னியாவுக்குப் போய்ப் பார்த்து வந்தார். பிறகு ஸ்பரியரும் தம் மனைவியுடன் சென்று புட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒயின் தோட்டங்களைப் பார்க்கப் பிரான்ஸுக்குப் பிரயாணம் கிளம்பிய அமெரிக்கக் கோஷ்டி ஒன்று, தங்கள் சாமான்களோடு அந்தப் புட்டிகளையும் கொண்டு வந்து சேர்த்தது.

கலிபோர்னியா ஒயின் என்றால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். ஸ்பரியருக்கே பிரெஞ்சு ஒயின்தான் ஜெயிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும், ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று பிரான்ஸின் பிரமாதமான புட்டிகளையும் பந்தியில் சேர்த்தார். பெயரைப் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாதே என்று, எது எந்த ஊர்ச் சரக்கு என்பது தெரியாதபடி மறைத்தும் விட்டார். அங்கேதான் வந்தது வினை!

ஒன்பது நாக்குகள்

நடுவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. பாரிஸின் பிரபல போஜனசாலையான 'கிராண்ட் வேஃபூர்' உரிமையாளர் ரேமோன் ஒலிவேர் ஒருவர். பர்கண்டியில் பெயர் போன ரோமனே-கோன்தி தோட்டத்தைச் சேர்ந்த ஒபேர் து விலேன் ஒருவர். 'பிரான்ஸ் ஒயின் பத்திரிகை'யின் ஆசிரியை ஓடெட் கான் அம்மையார் இன்னொருவர். நடுவர்களில் அவர் ஒருவர்தான் பெண்.

வெள்ளை ஒயின் பத்து, சிவப்பு ஒயின் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. நான்கு பிரான்ஸைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மார்க். பரீட்சை இவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர்கள் பலருக்கு அழைப்புப் போயிற்று. வந்தவர் ஒரே ஒருவர்: 'டைம்' பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். எந்தக் கோப்பையில் எது ஊற்றப்படுகிறது என்ற ஜாபிதா அவர் கையில் இருந்தது. ஆகவே, நடுவர்களுக்குத் தெரியாத ரகசியம் அவருக்கு மட்டும் தெரியும்!

முதலில் வெள்ளை ஒயின். ஒலிவேர் ஒன்றை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஆகா, மறுபடியும் பிரான்ஸுக்கு வந்துவிட்டோம்!" என்று பூரித்துப் போனார். டேபர் ஜாபிதாவைப் பார்த்தார். அது கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் செய்தது! இன்னொரு நடுவர் ஒரு கோப்பையை முகர்ந்து, "இது கலிபோர்னியாதான், வாசனையே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அதுவோ பர்கண்டியின் தலைசிறந்த ஒயின்களில் ஒன்றான பதார்-மோன்த்ராஷே!

பரிசாரகர்கள் அடுத்த ஈடுக்கு ஆயத்தம் செய்வதில் தாமதமாயிற்று. சும்மா இருப்பானேன் என்று ஸ்பரியர் வெள்ளை ஒயின் முடிவை முதலிலேயே படித்துவிட்டார். முதல் இடம், 'ஷாட்டோ மான்டெலினா, 1973'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதுவும் கலிபோர்னியாவேதான். முதல் நான்கு இடங்களில் மூன்று கலிபோர்னியாவுக்கே போய்விட்டன.

நடுவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. 'போனது போகட்டும், சிவப்பு ஒயினிலாவது பிரான்ஸின் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும்' என்று கச்சை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூட்டான் ராத்சைல்ட், ஓ-பிரியோன் போன்ற சக்கரவர்த்திகள் அந்த வரிசையில் இருந்தன. மறுபடியும் முகர்ந்தார்கள், சுவைத்தார்கள், எழுதினார்கள். கூட்டிப் பார்த்தால், முதல் இடம் 'ஸ்டாக்ஸ் லீப், 1973'. அதுவும் கலிபோர்னியா! மூட்டானுக்கு இரண்டாவது இடம்.

ஓடெட் கான் அம்மையார் எழுந்து வந்து, தம்முடைய மார்க் சீட்டைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அம்மையாரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். பிரெஞ்சு ஒயினின் பெருமையை எடுத்துச் சொல்லும் பத்திரிகைக்கு அவர் ஆசிரியை. அந்தப் பெருமைக்கு எதிராகத் தம் கையெழுத்திலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் பதறாது? பின்னால் அவர் பரீட்சை நடந்த விதமே சரியில்லை என்று கண்டித்தார்.

ஜெயித்தவர்கள் யார்?

மான்டெலினாவைச் செய்தவர் மைக் கிரிகிச். குரோஷியாவில் பதினோரு குழந்தைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1958-ல் கையில் ஒரு பெட்டியுடன் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். ஸ்டாக்ஸ் லீப்பைச் செய்தவர் வாரன் வினியார்ஸ்கி. சிகாகோ சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக் கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு மனைவி மக்களுடன் நாபாவுக்குப் போய்க் கூலிக்காரர் போல் தொழில் கற்றுக்கொண்டார். அவர் தோட்டத்துக் கொடிகளுக்கு அப்போது மூன்றே வயது! புட்டியின் விலை? ஆறு டாலருக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்காவில் அந்தக் காலத்துக்கு அது மலிவல்ல என்றாலும், ராத்சைல்டுகளின் பெயருக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

'டைம்' பத்திரிகையில் டேபர் எழுதியது நான்கே பாரா. உலகத்துக்கு அது போதுமாக இருந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோதும் 'இதெல்லாம் ஒரு பரீட்சையா?' என்று ஏளனம் செய்தன. "எங்கள் ஒயின் மெதுவாகத்தான் முதிரும், சில வருஷம் கழித்துப் பாருங்கள்" என்றார்கள். பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2006-ஆம் ஆண்டு அதே மே 24-ஆம் தேதி, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே சமயத்தில் மறுபடி பரீட்சித்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கு! ஜெயித்த இரண்டு ஒயின்களின் புட்டிகளும், கிரிகிச் கொண்டு வந்த பெட்டியும் இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கின்றன. ஸ்பரியர் 2021-லும், கிரிகிச் தம் நூறாவது வயதில் 2023-லும், வினியார்ஸ்கி 2024-லும் காலமானார்கள்.

அப்படியானால் கலிபோர்னியாதான் உயர்ந்ததா?

அவசரப்படாதீர்கள். ஸ்டாக்ஸ் லீப்புக்கு ஒன்பது நடுவர்களும் சேர்ந்து கொடுத்த மார்க் 127.5; மூட்டானுக்குக் கிடைத்தது 126. வித்தியாசம் ஒன்றரை மார்க்! அதுமட்டுமல்ல, முதலில் வந்த அந்த ஒயினுக்கே ஒரு நடுவர் 16.5 கொடுத்தார், இன்னொருவர் 10-தான் கொடுத்தார். வேறு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். கணக்கு நிபுணர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாயிற்று. லேபிளை மறைத்துவிட்டால், தலைசிறந்த நாக்குக்கும் ராஜா யார், பிரஜை யார் என்று எளிதில் தெரிவதில்லை.

பின்னால் வந்த விஞ்ஞானிகள் இதை இன்னும் கிண்டிப் பார்த்தார்கள். 2001-ல் போர்தோ சர்வகலாசாலையில், வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒயின் படிப்பே படிக்கிறவர்கள் அவர்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வர்ணனைகளையே அதற்கும் எழுதிக் கொடுத்தார்கள்! கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

2008-ல் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை இதைவிட வேடிக்கை. ஒரே ஒயினை, ஒரு முறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லி இருபது பேருக்குக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் ருசித்தது என்றார்கள். உபசாரத்துக்குச் சொன்ன பொய் அல்ல. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியே அப்போது அதிகமாக வேலை செய்ததைக் கருவி காட்டிக் கொடுத்தது. விலையைக் கேட்டதும் ருசியே ஏறிவிடுகிறது!

நிபுணர்கள் மட்டும் தப்பினார்களா? கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்ஸன் என்பவர், ஒரே புட்டியிலிருந்து ஊற்றியதை மூன்று முறை நடுவர்களிடம் நைசாக வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க் போட்டவர் பத்தில் ஒருவர்தான்.

இதனால் விலை எல்லாம் பித்தலாட்டம் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. கையால் பறிக்கும் கூலி, ஓக் மரப் பீப்பாய், வருஷக்கணக்கில் நிலவறையில் போட்டு வைக்கும் செலவு எல்லாம் விலையில் சேரத்தான் செய்யும். புளித்துப் போன சரக்கை நல்லதிலிருந்து பிரிக்கப் பழகிய நாக்குக்கு நிச்சயம் தெரியும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் கொடுக்கும் பணம் ருசிக்கு அல்ல, பெயருக்கு. பெயருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. அது பெயருக்குத்தான் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நீங்களும் நடத்தலாம்

நம் வீட்டில் ஒயின் இல்லாவிட்டால் என்ன? காப்பிப்பொடி இருக்கிறதே! மூன்று கடைப் பொடிகளை வாங்குங்கள். ஒரே அளவு பொடி, ஒரே பால், ஒரே சர்க்கரை. ஒரே மாதிரியான மூன்று டம்ளர்களின் அடியில் மட்டும் அடையாளம் போடுங்கள். டிகாக்ஷன் போட்டவர் வேறு, கொண்டு வந்து கொடுப்பவர் வேறாக இருக்கட்டும்; கொடுப்பவர் முகமே சில சமயம் காட்டிக் கொடுத்துவிடும்! குடிப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் மார்க்கை எழுதிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். முதலில் பேசுகிறவர் மாமனாராக இருந்துவிட்டால் மற்றவர்கள் மார்க் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

மறுநாள் டம்ளர்களின் வரிசையை மாற்றி இன்னொரு தடவை நடத்துங்கள். இரண்டு நாளும் மலிவுப் பொடிக்கே அதிக மார்க் விழுந்தால், மாதா மாதம் மிச்சமாகும் ரூபாய் உங்களுடையது. விலை உயர்ந்ததே ஜெயித்தால், இனி யார் கேட்டாலும் தைரியமாக வாங்கலாம். எப்படியானாலும் நஷ்டமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை: முடிவு பிடிக்கவில்லை என்று யாரும் மார்க் சீட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது!