இரட்டைப் பெட்ரோல் தொட்டிகள்

நெடுவழி செல்வோன் கட்டுச்சோற்றை இரு மூட்டைகளாகப் பகுத்துக்கொண்டு, ஒன்று தீர்ந்த பின்னரே மற்றொன்றை அவிழ்ப்பான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓடிய பிக்கப் என்னும் சிறு சுமைவண்டிகள் பல, இவ்வாறே இரண்டு பெட்ரோல் தொட்டிகளைத் தாங்கியிருந்தன. அவை இயங்கும் முறை எளியது போலத் தோன்றினும், அதனுள் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

பெரிய தொட்டி ஒன்றே அமையாதோ எனின், அதற்கு இடமில்லை. வண்டியின் அடியில் இரும்புச் சட்டமும், பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டும், அச்சும், புகைக்குழாயும் இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. எஞ்சிய இடங்களோ சிறியனவும் பிரிந்தனவுமாம். ஆதலின் ஃபோர்டு வண்டிகளில் ஒரு தொட்டி பின்னச்சுக்கு முன்னும், மற்றொன்று அதற்குப் பின்னும் வைக்கப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செய்த வண்டிகளிலோ, அவை சட்டத்திற்கு வெளியே இரு பக்கங்களிலும் அமைந்தன. தொட்டிக்கு 20 காலன் வீதம் 40 காலன், அஃதாவது ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும் எனக் கொள்வோம். காலனுக்கு 12 மைல் ஓடும் வண்டி, ஒருமுறை நிரப்பிய பெட்ரோலைக் கொண்டே 480 மைல் செல்லும். பெட்ரோல் கடைகள் அருகிய மேற்குப் பகுதி உழவர்க்கும், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்த பின்னர்க் கடைவாயில்களில் வரிசையாகக் காத்திருந்தோர்க்கும் இஃது எத்துணைப் பயன்பட்டிருக்கும்!

இனி, இயங்கும் முறையைக் காண்பாம். ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் சிறு விசை ஒன்று உண்டு. அதனைத் தள்ளியவுடன், மின்சாரத்தால் இயங்கும் வால்வு ஒரு தொட்டியின் வழியை அடைத்து மற்றதன் வழியைத் திறக்கும். அளவு காட்டும் முள் ஒன்றே; மிதவைகளோ இரண்டு. விசை எத்தொட்டியைச் சுட்டுகின்றதோ அதன் மிதவையோடு மட்டுமே முள் இணையும். மற்றைத் தொட்டியின் நிலையை அறிய விசையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அது நிறைந்துள்ளதென்று நம்பிச் சென்று, நடுவழியில் வெறுந்தொட்டியைக் கண்டோன் தன் மறதியையே நோதல் வேண்டும்.

கார்பரேட்டர் இருந்த காலத்தில், எஞ்சினோடு பொருந்திய பம்பு பெரும்பாலும் வேண்டிய அளவே உறிஞ்சிற்று. ஆகவே, எங்கிருந்து எடுப்பது என்பதொன்றே வால்வின் கவலை. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து, பெட்ரோலை அழுத்தத்துடன் எஞ்சினுள் தெளிக்கும் முறை இவ்வண்டிகளில் பரவிற்று. இம்முறையில் பம்பு எஞ்சினுக்கு வேண்டியதினும் மிகுதியாகவே இடைவிடாது அனுப்பும். மிச்சம் வேறொரு குழாயின் வழியே திரும்பும். எங்குத் திரும்புவது? எடுத்த தொட்டிக்கே திரும்புதல் வேண்டும். இதுவே நாம் முன்னர்க் கூறிய நுட்பம். இதன்பொருட்டுப் பல வண்டிகளில் ஆறு வாய்களையுடைய வால்வு அமைக்கப்பட்டது. அவற்றுள் மூன்று போக்கிற்கும், மூன்று மீட்சிக்கும் உரியன.

மீட்சிவழி பிறழ்ந்தால் விளைவு யாது? பம்பு மணிக்கு 20 காலன் அனுப்ப, எஞ்சின் 4 காலன் எரிக்கின்றது எனக் கொள்வோம். மிச்சமான 16 காலனும் மற்றைத் தொட்டியிற் சேரும். ஒரு மணியில் முதல் தொட்டி வறண்டுவிடும். முன்னமே நிறைந்திருந்த மற்றதோ மூடியருகே பொங்கி வழியும். வழியும் பெட்ரோலுக்குத் தீப்பொறி ஒன்று போதாதோ? இது வெறுங் கற்பனையன்று. 1990-களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஃபோர்டு இரட்டைத் தொட்டி வண்டிகள் சிலவற்றில் இக்குறை நேர்ந்து, அதனைத் திருத்தும்பொருட்டு அவை திரும்ப அழைக்கப்பட்டன.

பின்னர்ப் பெரிய ஒற்றைத் தொட்டியை அமைக்க வழி கண்டமையின், இரட்டைத் தொட்டி சிறு பிக்கப்புகளினின்று பெரும்பாலும் மறைந்தது. எனினும் பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். ஒரு தொட்டியின் முள் விரைந்து இறங்க, மற்றதன் முள் தானே ஏறக் காண்பாராயின், அவர் அதனைப் பேறெனக் கருதி மகிழாது, வண்டியை நிறுத்தி மீட்சிவழியை ஆராய்வாராக.