வீட்டு இணையக் கம்பியும் அலுவலக வி.பி.என். இணைப்பும்

அலுவலகத்தின் கணிப்பொறி வலையை வீட்டிலிருந்தே அணுகிப் பணியாற்றும் முறை இந்நாளில் பரவலாகியுள்ளது. 1998ஆம் ஆண்டில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது முதல், ஹைதராபாத் நகரம் கணிப்பொறித் தொழிலின் பெரு நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்து வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் பரவிய பொழுது, வீட்டிலிருந்து பணி புரிவதற்கான நிபந்தனைகளைத் தொலைத் தொடர்புத் துறை தளர்த்தியது. அவ்வாண்டு நவம்பரில் புதிய விதிகள் வெளியாயின. இதனால் பல்லாயிரம் இல்லங்கள் காரியாலயங்களாக மாறின. வீட்டிற்கு வரும் கம்பி சரியாக அமையாவிடில் அன்றைய வேலை நின்றுவிடும். ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்திருப்பது பயனுடையதாகும்.

வி.பி.என். என்பது யாது?

இணையத்தில் செல்லும் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகின்றன. வி.பி.என். முறையில் ஒவ்வொரு பொட்டலமும் இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டு, மற்றொரு பொட்டலத்தினுள் வைத்து அனுப்பப்படும். ஒரு கடிதத்தை உறையிலிட்டு, அதை அரக்கு முத்திரையிட்ட பெரிய உறையினுள் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவதற்கு இதனை ஒப்பிடலாம். இடையிலுள்ளோர் மேலுறையின் முகவரியை மட்டுமே காண்பர், உள்ளிருப்பதை அறியார். அலுவலக வாயிலில் உள்ள கருவி மேலுறையைப் பிரித்து, உட்கடிதத்தை உரியவரிடம் சேர்க்கும்.

இம்முறைக்கு வேகம் மட்டும் போதாது. மேலேற்றும் வேகம், தாமதம், பொட்டலத்தின் அளவு, இணைப்பின் நிலைத்த தன்மை ஆகிய நான்கும் ஒத்துவருதல் வேண்டும்.

கம்பி வகைகள்

முதலாவது, டெலிபோனுக்குரிய செப்புக் கம்பி. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் பிராட்பாண்டு சேவையைத் தொடங்கிய பொழுது இக்கம்பியையே பயன்படுத்தியது. இம்முறையின் மேம்பட்ட வகையில், நிலையத்திற்கு அருகிலுள்ள வீட்டில் வினாடிக்கு 24 மெகாபிட் வரை இறக்கலாம். மேலேற்றுவதோ பொதுவாக 1 மெகாபிட் அளவினதே. தொலைவு மிகுந்தால் வேகம் குறையும். கோப்புகளை அலுவலகத்திற்கு அனுப்புவோருக்கும், படத்துடன் கூடிய கூட்டங்களில் பங்குபெறுவோருக்கும் இது போதாது.

இரண்டாவது, தொலைக்காட்சிக்குரிய கேபிள். இதில் இறக்கும் வேகம் மிகுதியாயினும், மேலேற்றும் வழி குறுகியது. அதனையும் அண்டை வீட்டார் பலர் பகிர்ந்து கொள்வர்.

மூன்றாவது, கண்ணாடி இழை. இவற்றுள் இதுவே சிறந்தது. பெருவழக்கிலுள்ள ஜிபான் முறையில் ஓர் இழை வினாடிக்கு 2,488 மெகாபிட் இறக்கவும், 1,244 மெகாபிட் ஏற்றவும் வல்லது. இதனை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்தளிப்பது வழக்கம். எனினும், இழை தெருமுனை வரை அல்லது கட்டடத்தின் அடித்தளம் வரை மட்டுமே வந்து, அங்கிருந்து செப்புக் கம்பியாக மேலேறுவதும் உண்டு. இழை வீட்டினுள்ளேயே வந்து முடிகிறதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

தாமதத்தைப் பொறுத்த வரையில் ஓர் இயற்கை எல்லை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோ வினாடி ஆகும். ஹைதராபாத்திலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். சென்று திரும்ப 130 மில்லி வினாடிக்குக் குறையாது. மும்பை, சென்னைக் கரைகளிலிருந்து புறப்படும் கடலடிக் கம்பிகள் சுற்றுவழியில் செல்வதால் உண்மையான தாமதம் இதனினும் மிகுதி. உயர்ந்த கட்டணத் திட்டம் எதுவும் இதனைக் குறைக்க இயலாது.

உறை பெருத்தலால் வரும் இடர்

வி.பி.என். உபயோகிப்போரைப் பெரிதும் குழப்பும் இடர் ஒன்று உண்டு. கடவுச்சொல் ஏற்கப்படும், சிறு செய்திகள் செல்லும், ஆனால் பெரிய கோப்பைத் திறந்தால் திரை அசைவற்று நின்றுவிடும். வேகத்தைச் சோதித்தாலோ குறை ஏதும் தோன்றாது.

இதன் காரணம் பொட்டலத்தின் அளவாகும். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1,500 பைட் வரை இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ முறையைக் கையாளும் நிறுவனங்களில் 8 பைட் அதற்கே செலவாகி, 1,492 எஞ்சும். வி.பி.என். மேலுறை மேலும் இடம் பிடிக்கும். சான்றாக, ஒயர்கார்டு என்னும் வகையில் மேலுறைக்குப் பழைய ஐ.பி. நான்காம் பதிப்பில் 60 பைட்டும், ஆறாம் பதிப்பில் 80 பைட்டும் தேவை. ஆகவே உட்கடிதத்திற்கு முறையே 1,432, 1,412 பைட்டே மிஞ்சும். அவ்வகைக் கருவிகளில் வழக்கமாக வைக்கப்படும் அளவு 1,420. முதல் நிலையில் அது பொருந்தும். இரண்டாம் நிலையில் 8 பைட் மிகுந்துவிடும்.

மிகுந்த பொட்டலத்தைப் பெறும் இடைக் கருவி, "அளவைக் குறைத்து அனுப்புக" என்று திருப்பிச் செய்தி விடுக்க வேண்டும். பாதுகாப்பின் பெயரால் சிலர் இச்செய்தியைத் தடுத்து விடுகின்றனர். அப்பொழுது பெரிய பொட்டலங்கள் சுவடின்றி மறையும். சிறியவை மட்டும் செல்லும்.

இதனைச் சோதிப்பது எளிது. வி.பி.என். இணைப்பை நிறுத்திவிட்டு, பிங் என்னும் கட்டளையைப் பொட்டலத்தைத் துண்டாக்காத முறையில், 1,472 பைட் அளவுடன் ஏவுக. தலைப்புக்குரிய 28 பைட்டைக் கூட்டினால் 1,500 ஆகும். விடை வாராது, 1,464க்கு விடை வருமாயின், வழியின் அளவு 1,492 என்று கொள்ளலாம். இந்த எண்ணை அலுவலகக் கணிப்பொறிப் பிரிவினருக்குத் தெரிவித்தால், அவர்கள் வி.பி.என். அளவை அதற்கேற்பக் குறைத்துக் கொடுப்பர்.

முகவரிகளில் எழும் சிக்கல்

ஆசிய பசிபிக் பகுதிக்குரிய பழைய ஐ.பி. முகவரிகளின் பொது இருப்பு 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ந்தது. ஆகையால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. வீட்டிலிருந்து வெளிச்செல்லும் வி.பி.என். இணைப்பை இது பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆயினும் சிறிது நேரம் செய்தி ஏதும் செல்லாவிடில் நிறுவனத்தின் கருவி அவ்வழியை மறந்துவிடும். இதனைத் தவிர்க்க, 20 அல்லது 25 வினாடிக்கு ஒரு முறை வெறும் பொட்டலம் அனுப்பும் ஏற்பாடு வி.பி.என். மென்பொருளில் உண்டு. குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருவோரை மட்டுமே அனுமதிக்கும் அலுவலகமாயின், நிலையான பொது முகவரியைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வீட்டு ரூட்டரும் அலுவலகமும் 192.168.1 எனத் தொடங்கும் ஒரே எண் வரிசையைக் கொண்டிருந்தால், பொட்டலம் வீட்டிலேயே சுற்றி நிற்கும். வீட்டு வரிசையை 192.168.57 என்பது போல் மாற்றினால் இக்குறை நீங்கும்.

வீட்டினுள் கம்பி அமைத்தல்

மேசைக் கணிப்பொறிக்கு வைஃபையை விடக் கம்பியே உத்தமம். ஐந்து-ஈ அல்லது ஆறாம் தரக் கம்பி 100 மீட்டர் வரை பயன்படும். அதன் எட்டு இழைகளையும் இணைத்தல் அவசியம். நான்கை மட்டும் இணைத்தால் வேகம் 100 மெகாபிட்டுக்கு மேற்படாது. செப்புப் பூசிய அலுமினியக் கம்பி மலிவாயினும் எளிதில் ஒடியும். தூய செம்பே ஏற்றது. கண்ணாடி இழையைக் கதவிடுக்கில் நசுங்கவோ, மூலையில் கூர்மையாக மடியவோ விடலாகாது. மின்தடை நேரத்தில் இழைப் பெட்டியும் ரூட்டரும் இயங்க, சிறு பாட்டரி ஒன்று இருத்தல் நலம்.

மின்கம்பத்தில் தொங்கும் கம்பி

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத்தின் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜயந்தி ஊர்வலத்தின் பொழுது மின்சாரம் தாக்கி ஐவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மின்கம்பங்களில் தொங்கிய இணையக் கம்பிகளையும் கேபிள்களையும் அகற்றும் பணி நடைபெற்றது. பல பகுதிகளில் இணைப்பு அற்றது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் அதனைத் தாங்கும் எஃகுக் கம்பி கடத்தும். அறுந்து தொங்கும் கம்பி எதனையும் இணையக் கம்பிதானே என்று எண்ணித் தொடுதல் ஆகாது. மாணவர்களுக்கும் இதனை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடமையாகும்.

விசாரிக்க வேண்டியவை

இணைப்புப் பெறுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிக:

1. இழை வீடு வரை வருகிறதா? நிலத்தடி வழியாகவா, கம்பத்தின் வழியாகவா?
2. மேலேற்றும் வேகம் எவ்வளவு?
3. பிபிபிஓஇ முறை உண்டா? பொட்டல அளவு எவ்வளவு?
4. நிலையான பொது முகவரி கிடைக்குமா? அதன் கட்டணம் யாது?
5. பழுது நீக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

இரண்டாவது வழியாகக் கைபேசி இணைப்பை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. இரு நிறுவனங்களிடம் கம்பி பெற்றாலும், அவை ஒரே கம்பத்தில் வருமாயின் ஒரே நாளில் இரண்டும் அறுபடக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.