விலை உயர்ந்த ஆசனமும் வீரரின் மரியாதையும்: அன்றும் இன்றும்

1948 மார்ச்சில், கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணி கொழும்பில் இறங்கி, பொரளை ஓவலில் ஒருநாள் ஆடிவிட்டுப் போனது. இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியன் கழகத்தின் சதாசிவம். வீரரைத் தண்டிக்கச் சர்வதேச நடத்தைக் கோவை எதுவும் அன்று கிடையாது. நடுவரின் சொல், அணித்தலைவரின் கண்டிப்பு, கழகத்தின் நற்பெயர் ஆகிய மூன்றுமே ஆட்டக்காரரைக் கட்டி வைத்தன. நல்ல ஆசனத்தைத் தந்ததும் கழக அங்கத்துவமே.

இன்று நுகேகொடையிலிருந்து கெத்தாராமை மைதானத்துக்குப் போகும் ரசிகர்கள் ஒரே பஸ்ஸில் வந்தாலும் வாசலில் பிரிந்துவிடுகிறார்கள். சிலர் திறந்த கலரிக்கு, சிலர் கிராண்ட் ஸ்டாண்டுக்கு, இன்னும் சிலர் குளிரூட்டிய பெட்டிகளுக்கு. பாப்பரே வாத்தியம் முழங்குவது பெரும்பாலும் மலிவான பகுதியில். பணம் பெரிதாகப் புரள்வது மற்றப் பக்கத்தில்.

வீரர்களுக்கான வேலியும் உயர்ந்துவிட்டது. 1991 முதல் சர்வதேசப் போட்டிகளுக்கு ஆட்ட மத்தியஸ்தர் வந்தார். 2016 முதல் அபராதத்தோடு குறைபாட்டுப் புள்ளிகளும் சேர்ந்தன. அதன் தேவையைக் கொழும்பு கண்ணெதிரே கண்டது. 2018 மார்ச் 16, சுதந்திரக் கிண்ணத் தொடரில் இலங்கையும் பங்களாதேஷும் மோதிய இரவு. கடைசி ஓவரில் நோ-போல் தரப்படவில்லை என்று தகராறு. பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் எல்லைக்கோட்டருகே நின்று, துடுப்பாட்டக்காரர்களை வெளியே வரும்படி கையசைத்தார். ஆட்டம் முடிந்தபின் வீரர்கள் அறையின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. ஷகிப்புக்கும் சக வீரர் நூருல் ஹசனுக்கும் போட்டிக் கட்டணத்தில் 25 வீதம் அபராதமும் ஒரு குறைபாட்டுப் புள்ளியும் கிடைத்தன. அது சரியான தண்டனை. காசு கொடுத்து வந்தவருக்கு, கலரியானாலும் பெட்டியானாலும், ஆட்டத்தை முழுமையாகக் காணும் உரிமை உண்டு.

ஆனால் வீரரை நோக்கி எழும் கேள்வி ஆசனத்தை நோக்கியும் எழ வேண்டும். 2023 ஜூலையில் லோர்ட்ஸ் மைதானத்தின் லோங் ரூமில், அவுஸ்திரேலிய வீரர்கள் உஸ்மான் கவாஜாவையும் டேவிட் வோர்னரையும் வழிமறித்து வசைபாடியவர்கள் கலரி ரசிகர்களல்லர், எம்.சி.சி. கழகத்தின் அங்கத்தவர்கள். கழகம் மன்னிப்புக் கேட்டு மூவரை இடைநிறுத்தியது. பின்னர் ஒருவரை நீக்கியது.

கூடைப்பந்தில் இந்தச் சிக்கல் இன்னும் நெருக்கமானது. அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளில் மிக விலை உயர்ந்த ஆசனங்கள் ஆடுகளத்தின் கோட்டை ஒட்டியே இருக்கின்றன, இடையில் வேலியில்லை. 2004இல் டெட்ரொயிட் அருகே ரசிகர் ஒருவர் எறிந்த கோப்பை வீரர் ரொன் ஆர்டெஸ்ட் மேல் விழ, அவர் பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்தார். அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் இழந்தார். 2019 இறுதிச்சுற்றிலோ, பந்தைத் துரத்தி முன்வரிசையில் விழுந்த கைல் லோரியைத் தள்ளிவிட்டவர் மார்க் ஸ்டீவன்ஸ். எதிரணியான கோல்டன் ஸ்டேட்டில் பங்கு வைத்திருந்த செல்வந்தர். அவருக்கு 5 இலட்சம் டொலர் அபராதமும் ஓராண்டுத் தடையும் விதித்தார்கள். பங்காளி என்று விட்டுவிடவில்லை.

அந்த நேர்மைதான் இங்கும் வேண்டும். ஆட்டத்தில் கோபமும் கொண்டாட்டமும் இருக்கும். அவையின்றி ஆட்டத்துக்கு உயிரில்லை. அதைக் கிட்ட நின்று பார்க்கவே கூடிய விலை கொடுக்கிறோம். அந்த விலை நல்ல இருக்கையையும் நிழலையும் தரலாம். இன்னொரு மனிதனை இழிவுபடுத்தும் அனுமதியைத் தராது. அன்று கழகத்தின் பெயர் செய்த வேலையை இன்று எழுதிய விதி செய்ய வேண்டும். அதைப் பெட்டிகளின் டிக்கெட்டிலும் அச்சிடுங்கள். கலரியில் கத்தியவரை வெளியேற்றும் காவலர், பெட்டியின் கதவையும் அதே உறுதியோடு தட்டட்டும்.