பிடியின் அடியில் ஒரு ‘வி’

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் செய்த ‘விக்டரி’ ரிவால்வரை யாரும் அழகென்று சொல்ல மாட்டார்கள். பளபளப்பே இல்லாத சாம்பல் கறுப்பு உடம்பு, வேலைப்பாடு எதுவும் இல்லாத வால்நட் மரப் பிடி, பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். லட்சக்கணக்கில் செய்ததால் அரிய பொருளும் இல்லை. ஆனாலும் பழைய ரிவால்வர்களை இனம் காணப் பழகுகிறவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. போன இடமெல்லாம் இதன்மேல் ஒரு முத்திரை விழுந்திருக்கிறது.

இதன் கதைக்குள் ஒரு கடன் இருக்கிறது. போரின் தொடக்கத்தில், 9 மில்லிமீட்டர் தோட்டா போடும் இலகு ரகத் துப்பாக்கி ஒன்றுக்காக பிரிட்டன் இந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்தது. பிரிட்டிஷ் தோட்டாவின் வேகத்துக்கு அந்தத் துப்பாக்கி தாக்குப்பிடிக்கவில்லை. பணமோ செலவாகிவிட்டது. கடைசியில் கடனை ரிவால்வர்களாகத் தீர்ப்பது என்று முடிவானது. 1899 முதல் செய்துவந்த ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ மாடலையே பிரிட்டிஷ் ராணுவத்தின் .38 தோட்டாவுக்குப் பொருத்தமாக்கி அனுப்பினார்கள். 1942-ல் வரிசை எண் 10 லட்சத்தை நெருங்கியபோது, முன்னால் ‘வி’ என்ற எழுத்தைப் போட்டு எண்ணை மறுபடி 1-லிருந்து ஆரம்பித்தார்கள். ‘வி’ என்றால் விக்டரி. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் போயின.

அந்த எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பிடியின் அடிப்பகுதியில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். சேகரிப்பாளர் சிலிண்டரை வெளியே தள்ளி அதன் பின்முகத்தைப் பார்ப்பார். பிறகு குழலின் அடிப்பக்கத்தை. திருகைக் கழற்றி மரப் பிடியின் வலப்பக்கத் துண்டின் உட்புறத்தையும் பார்ப்பார். எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தால், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய உறுப்புகள் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். ஒன்று மாறியிருந்தாலும் விலை இறங்கும்.

அடுத்து முத்திரைகள். மேல் சட்டத்தில் ‘யு.எஸ். ப்ராப்பர்ட்டி ஜி.எச்.டி.’ என்றிருந்தால், கடைசி மூன்று எழுத்தும் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் கை ட்ரூரியின் பெயர்ச் சுருக்கம். பிரிட்டனுக்குப் போன துப்பாக்கிகள் பல, போருக்குப் பிறகு பொது விற்பனைக்கு வந்தன. அங்கே சோதனைக் கூடத்தில் அதிக அழுத்தத் தோட்டா வைத்துச் சுட்டுப் பார்க்காமல் துப்பாக்கியை விற்கக் கூடாது. பர்மிங்ஹாம் கூடத்தின் கிரீட முத்திரை குழலிலும், சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறையின் மேலும் விழுந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘.767’ என்றும் ‘3½ டன்’ என்றும் இருக்கும். முன்னது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். பின்னது தாங்கக்கூடிய அழுத்தம். ஆஸ்திரேலியாவுக்குப் போனவற்றில் சிலவற்றில் ‘எஃப்.டி.ஆர்.’ என்றும் ஓர் ஆண்டும் இருக்கும். அங்கே ஆலையில் முழுதாகப் பழுதுபார்த்த அடையாளம் அது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் சுங்கத் துறைப் பெயர் பொறித்த விக்டரிகளும் உண்டு. ஒரே எஃகுத் துண்டில் மூன்று அரசாங்கங்களின் கையெழுத்தைப் படிக்கும் இந்தச் சுகத்துக்காகத்தான் இதைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வகைக்கு நேர்ந்த பெருங்கேடு துளைபோட்டது. உபரியாக அமெரிக்கா திரும்பிய பிரிட்டிஷ் ரகங்களை, அங்கே எளிதாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி வியாபாரிகள் ஆழமாகக் குடைந்துவிட்டார்கள். ஸ்பெஷல் நீளமானது, ஆனால் ஒல்லி. பழைய அறையோ அகலம். சுட்டதும் தோட்டாக் கூடு அடிப்பக்கம் புடைக்கும், சில சமயம் பிளக்கும். வாங்குகிறவர் ஒரு ஸ்பெஷல் தோட்டாக் கூட்டை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். முழுதாக உள்ளே போய்விட்டால், யாரோ குடைந்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேடு மெருகு. பழைய செப்புக்காசைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவரைப் பார்த்து நாணயச் சேகரிப்பாளர் மனம் நொந்துபோவாரே, அதே நோவு இங்கேயும். சக்கரத்தில் பிடித்து மெருகேற்றினால் எழுத்துகளின் கூர் மழுங்கும், திருகுத் துளையின் விளிம்பு குழிந்துவிடும். சுத்தியலிலும் விசையிலும் நெருப்பில் பதப்படுத்தியபோது உண்டான வண்ணக் கலவை இருக்க வேண்டும். அவையும் உடம்பின் நிறத்திலேயே இருந்தால் பின்னாளில் யாரோ நிறமேற்றியிருக்கிறார்கள். எண்பது வருடத் தேய்மானத்தை ஒரு மதியத்தில் அழிக்கலாம். திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது. ராணுவ ஆலையே செய்து முத்திரையிட்ட மறுபூச்சு வேறு சங்கதி, அதுவும் வரலாற்றோடு சேர்ந்ததுதான்.

பணம் பெரிதாகப் புழங்கும் இடத்தில் ஏமாற்றும் பெரிதாகிறது. கோல்ட் நிறுவனத்தின் 1851 ‘நேவி’ ரிவால்வரின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பதிந்திருக்கும். 1843 மே 16-ல் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய போர் அது. ஆழமில்லாத பதிப்பு என்பதால் சீக்கிரம் தேயும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதற்கேற்ற விலை. அதனால் காட்சியைப் புதிதாகப் பதிக்கிறார்கள். கப்பல்கள் துல்லியமாகவும் சட்டம் சொரசொரத்துக் குழிவிழுந்தும் இருந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். ஒரே உறையில் கிடந்த இரண்டு பாகங்கள் இரண்டு விதமாக வயதாகாது.

“துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே” என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் பேச்சு. நார்மண்டிக் கரையில் தாத்தா இடுப்பில் இருந்தது என்று விற்பவர் சொல்லலாம். கட்டணம் கட்டினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்கள். துப்பாக்கி எந்த நாளில் எந்தக் கிடங்குக்குப் போனது என்பதுவரை அதில் இருக்கும். யார் இடுப்பில் தொங்கியது என்பது இருக்காது.

எண்ணுக்கு முன்னால் ‘வி’யோடு ‘எஸ்’ஸும் சேர்ந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. 1944-ன் பிற்பகுதியில் போர்க்கப்பல் தளத்தில் கைதவறி விழுந்த ஒரு விக்டரி வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். சுத்தியல் தானாக முன்னே போகாதபடி புதிய தடுப்பு ஒன்றை நிறுவனம் உடனே வடிவமைத்தது. அது பொருத்தியவற்றுக்கே அந்த ‘எஸ்’.

நம் நாட்டில் உரிமம் உள்ளவரும் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. இப்படியொரு சேகரிப்பு இங்கே வளர வழியில்லை. ஆனால் உரிமத்தோடு பழைய ரிவால்வர் வைத்திருந்த பெரியவர் காலமானால், குடும்பம் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கிறது. அப்போது ரசீதில் வரிசை எண்ணோடு மேல் சட்டம், குழல், சிலிண்டர் மூன்றிலும் உள்ள எல்லா முத்திரைகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். துடைத்து மெருகேற்றித் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.